முதுமையில் செயல்சார் நரம்பியல் கோளாறு: உளவியல் சிகிச்சையா, நடைப் பயிற்சியா?

ஸ்கேனில் ஒன்றுமில்லை, பாட்டியின் வலது கால் மட்டும் இழுக்கிறது. கேரள எல்லையில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இதற்கு அடுத்தது பாலக்காட்டுக்கும் கோவைக்குமான அலைச்சல்தான். மூளையில் சேதமில்லாமலே, அது உடலை இயக்கும் விதம் தடுமாறுவதுதான் செயல்சார் நரம்பியல் கோளாறு. ஆனால் ஸ்கேன் சுத்தம் என்பதே நோயின் பெயராகிவிடாது. அடையாளம் உடம்பிலேயே தெரிய வேண்டும். படுத்திருப்பவரின் இழுக்கிற காலின் குதிகாலுக்கடியில் மருத்துவர் கையை வைத்து, "கீழே அழுத்துங்க" என்றால் பலமில்லை. நல்ல காலைத் தூக்கச் சொல்லி அதை எதிர்த்துப் பிடித்தால், அதே குதிகால் கையை நன்றாக அழுத்துகிறது. ஹூவர் சோதனை என்பது இதுதான். இதைப் பாட்டிக்கே காட்டி, "பலம் உள்ளே இருக்கு, நீங்க நடிக்கலை" என்று சொல்வதிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

நடை, நடுக்கம், பலவீனம் என்றால் உளவியல் தெரிந்த பிசியோதெரபிக்கே முதலிடம். கவனம் காலில் குவியக் குவிய நடை கெடும். "காலைத் தூக்குங்க, இன்னும் முயற்சி பண்ணுங்க" என்று விரட்டும் பயிற்சி பலிக்காமல் போவது அதனால்தான். பக்கவாட்டில் உடல் எடையை மாற்றுவது, தாளத்துக்கு அடி வைப்பது, பேசிக்கொண்டே நடப்பது என்று கவனத்தைத் திருப்ப வேண்டும். இளையவர்களைப் பின்னோக்கி நடக்கவிடுவார்கள். எலும்புத் தேய்மானமும் விழுந்த பயமும் உள்ளவருக்குக் கம்பியைப் பிடிக்காமல் அது வேண்டாம். வாக்கரைச் சீக்கிரம் கொடுத்தால் நடை அதற்கே பழகிவிடும். கொடுக்காமல் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். இளையவர்களிடம் வராத இந்தத் தராசை வாரா வாரம் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வலிப்பு மாதிரி வருகிற செயல்சார் மயக்கத்துக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, மேல். எச்சரிக்கை அறிகுறியைக் கண்டறிவது, அது வந்ததும் கையிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரின் குளிர்ச்சியில் மனதை நிறுத்துவது, தவிர்த்துவந்த கடை, கோயிலுக்குப் படிப்படியாகத் திரும்புவது என்று போகும். பிரிட்டனில் நடந்த கோட்ஸ் ஆய்வில் (2020, 368 பேர்) மாதாந்திர மயக்க எண்ணிக்கை சிபிடியால் கணிசமாகக் குறையவில்லை. அன்றாட வாழ்வும் மனஉளைச்சலும் மேம்பட்டன. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முதியவருக்கு ஒரு மணி நேர அமர்வு நீளம். முப்பது நாற்பது நிமிடம் போதும். நாட்குறிப்பைப் பெரிய எழுத்தில் மகளோ பேரனோ எழுதட்டும். மறதி மிகுந்திருந்தால் சிபிடி வீண், பிசியோதான்.

பழைய இழப்புகளைத் தோண்டும் உளப்பகுப்பு வகைச் சிகிச்சை மூன்றாவது. துக்கம் பேச்சில் தானாக வெளிவந்தால் மட்டும் அதற்குப் போகலாம். எல்லோருக்கும் உள்ளே ஏதோ காயம் இருந்தே தீரும் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தபோது, மனக்காயம் இருந்தால்தான் இந்த நோய் என்ற நிபந்தனையையே நீக்கிவிட்டது.

எதைத் தேர்ந்தாலும், முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். வலிப்பு என்று நினைத்துத் தப்பாக எழுதிய மருந்துகளில் வால்ப்ரோயேட் நடுக்கம் தரும். பெனிட்டாயின் தள்ளாட்டம் தரும். கார்பமாசெபைன் முதியவரின் சோடியத்தைக் குறைத்துக் குழப்பும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

மலையாளத்தில் மட்டும் பேசும் சிகிச்சையாளரிடம் பாட்டி "ஆமா, ஆமா" என்பார், பயத்தைச் சொல்லமாட்டார். பயணம் சிரமமென்றால் முதல் சில அமர்வுகள் நேரில், மற்றவை வீடியோ அழைப்பில். காது கேட்கும் கருவி போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த நோய் இருப்பவருக்குப் பக்கவாதம் வராது என்பதில்லை. முகம் கோணினால், பேச்சு குழறினால், "பழைய கதைதான்" என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.