தேங்காய் சுமக்கும் ரோபோவுக்கு எந்த மோட்டார்? சில வருட ஓட்டத்தில் தெரிந்தவை

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தை ஒட்டிய எங்கள் குடும்பத் தென்னந்தோப்பில் ஒரு சுமை ரோபோ ஓடுகிறது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. மரத்தடியில் குவித்த காயை வண்டிப்பாதை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்த சட்டம், பின்னால் இரண்டு 16 இஞ்ச் டயர், முன்னால் இரண்டு சுழல் சக்கரம், 24 வோல்ட் பேட்டரி. வெறும் வண்டி சுமார் 65 கிலோ. நாற்பது, நாற்பத்தைந்து காய் ஏற்றினால் 120 கிலோ வந்துவிடும். இதே சட்டத்தில் பல வகை மோட்டார்களை மாட்டி, வெட்டு வெட்டாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கனமான ரோபோ செய்யப்போகிறவர்கள் மோட்டாரில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இதைச் செய்யாமல் எந்த மோட்டாரையும் வாங்காதீர்கள். 120 கிலோ என்றால் எடை சுமார் 1,180 நியூட்டன். சமமான சிமென்ட் தரையில் நல்ல டயரை உருட்ட அதில் 2 சதவீதம் விசை போதும், அதாவது 24 நியூட்டன். உழுது விட்ட பொலபொலப்பான மண்ணில் அது 15 சதவீதம் வரை போகும், சுமார் 177 நியூட்டன். வாய்க்கால் வரப்பில் ஏறும் இடம் 10 டிகிரி சரிவு என்று வையுங்கள், அதற்கு இன்னும் 204. ஆக, மண்ணில் சரிவு ஏற 380 நியூட்டன் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பார்த்து "ஓடுதுப்பா" என்று சந்தோஷப்படும் வண்டிக்குத் தோப்புக்குள் பதினாறு மடங்கு இழுவை தேவைப்படுகிறது.

16 இஞ்ச் டயரின் ஆரம் 20 சென்டிமீட்டர். 380-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 76 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை. இரண்டு மோட்டார் என்பதால் ஒன்றுக்கு 38. கடைக்காரர்கள் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள், 1 நியூட்டன்-மீட்டர் என்பது 10.2 கிலோ-சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் நமக்கு ஒரு சக்கரத்துக்கு 390 கிலோ-சென்டிமீட்டர் வேண்டும். அதுவும் நின்றுபோகும் தறுவாயில் ஒரு நொடி கிடைக்கும் உச்ச அளவு இல்லை, சூடாகாமல் தொடர்ந்து கிடைக்கும் அளவு. விளம்பரத்தில் பெரும்பாலும் உச்ச அளவுதான் இருக்கும். தொடர்ந்து கிடைக்கும் அளவு எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

நம்மூரில் ரோபோ என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கார் வைப்பர் மோட்டார். பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும், விலை குறைவு, உள்ளேயே வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கர அமைப்பு) இருப்பதால் சரிவில் பின்னோக்கி உருளாது. 30, 40 கிலோ வண்டிக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 120 கிலோவுக்குச் சரிவராது. பல மாடல்களில் உள்ளே இருப்பது நைலான் பல்சக்கரம். வெயிலும் சுமையும் சேர்ந்தால் பல் மழுங்கிவிடுகிறது. அப்புறம் இன்னொரு விஷயம்: நிறைய வைப்பர் மோட்டார்களில் மைனஸ் வயர் தனியாக இருக்காது, மோட்டாரின் உடம்பே மைனஸ். ரிவர்ஸ் போக வயரை மாற்றிக் கொடுக்கும்போது சட்டம் வழியாக ஷார்ட் ஆகும். நைலான் தகடு வைத்துச் சட்டத்திலிருந்து பிரித்து மாட்ட வேண்டும். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டான பிரஷ் வைத்திருக்கும் கோணத்தால் முன்னோக்கி ஒரு வேகம், பின்னோக்கி ஒரு வேகம் வரும். இரண்டு மோட்டார்களும் எதிரெதிராக மாட்டப்படுவதால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

நின்றுகொண்டே ஓட்டும் இரு சக்கரப் பலகையான ஹோவர்போர்டின் சக்கரம் வேறு உலகம். கியர் இல்லை, செயின் இல்லை, சத்தமே வராது. சக்கரத்துக்குள்ளேயே பிரஷ் இல்லாத மோட்டார். காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருப்பதால் ஒரு சுற்றுக்கு 90 துடிப்பு வரும், தூரம் அளக்கத் தனியாக என்கோடர் (சுற்றை எண்ணும் கருவி) வேண்டாம். கிடங்கு, ஆஸ்பத்திரி வராண்டா, கல்லூரி ஆய்வகம் மாதிரி வழவழப்பான தரையில் ஓடும் ரோபோவுக்கு இதைவிடச் சுலபமான தேர்வு கிடையாது. தோப்பில் அந்த ஆறரை இஞ்ச் சக்கரம் மண்ணில் புதைகிறது. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டக் கியர் இல்லாததால், நின்ற இடத்திலிருந்து சுமையோடு கிளம்பும்போது முழு மின்னோட்டமும் மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பியான காயிலைச் சூடாக்குவதிலேயே போகிறது.

மின்சார வீல்சேர் மோட்டாரைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். 24 வோல்ட், இடது வலது என ஜோடியாக வரும், மனிதரைச் சுமந்து சாய்தளம் ஏறுவதற்கென்றே செய்தது. மின்சாரம் நின்றதும் மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும், வரப்பின் நடுவில் நிறுத்தினாலும் நகராது. கிளட்ச் நெம்புகோலைத் திருப்பினால் வண்டியைக் கையால் தள்ளலாம். நான் ஓட்டியதில் பாதுகாப்பு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனாலும் என் வண்டியில் இன்று அது இல்லை. இங்கே புதிதாக ஒரு ஜோடி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். பழையது வாங்கினால் பிரேக் காயிலோ கியரோ போனால் மாற்று சாமான் கிடைப்பதில்லை. வெட்டு நடக்கும் நாளில் ஆட்கள் கூலிக்கு வந்து நிற்கும்போது, பார்சல் வரட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது.

சரி, இப்போது ஓடுவது எது? எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் மின்சார சைக்கிளுக்கும் போடும் எம்ஒய்1016இசட் வகை கியர் மோட்டார். 24 வோல்ட்டில் 250 வாட்டிலும் 350 வாட்டிலும் வருகிறது. பிரஷ் வைத்த சாதாரண டிசி மோட்டார், அதன் தலையில் வேகத்தைக் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று குறைக்கும் கியர் பெட்டி, வெளியே செயின் மாட்டும் 9 பல் ஸ்பிராக்கெட். அந்த ஸ்பிராக்கெட்டில் சாதாரண சைக்கிள் செயின் உட்காரும் என்பதுதான் இதன் பெரிய வரம். சைக்கிள் கடையில் 44 பல் செயின் வீல் வாங்கி, அதைச் சக்கரத்து ஹப்போடு போல்ட் போட, கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் தகடு கடைந்து வாங்கினேன். 9-க்கு 44 என்றால் இன்னொரு 4.9 மடங்கு குறைப்பு. 350 வாட் மோட்டாரின் கியர் தண்டில் நிமிடத்துக்கு 300 சுற்று, 11 நியூட்டன்-மீட்டர். செயினுக்கு அப்புறம் 61 சுற்று, இழப்பு போகச் சுமார் 48 நியூட்டன்-மீட்டர். நமக்கு வேண்டியது 38. வேகம் விநாடிக்கு ஒன்றே கால் மீட்டர், ஆள் நடக்கிற வேகம்தான். தோப்புக்குள் அதற்கு மேல் வேகம் தேவையும் இல்லை.

இந்தக் குறைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். டிசி மோட்டாரில் முறுக்குவிசை வேண்டுமென்றால் மின்னோட்டம் கொடுக்க வேண்டும், இரண்டும் நேர்விகிதம். காயிலில் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். குறைப்பை இரண்டு மடங்காக்கினால் அதே சுமைக்கு மின்னோட்டம் பாதியாகும், சூடு கால் பங்காகும். அதனால்தான் 500 வாட் மோட்டாரைச் சின்னக் குறைப்போடு மாட்டுவதைவிட 350 வாட் மோட்டாரைப் பெரிய குறைப்போடு மாட்டுவது மேல் என்று அடித்துச் சொல்கிறேன். ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து ஓட்டினால் சூடு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சுமை அதேதான் என்றால் மின்னோட்டமும் அதேதான். மெதுவாகப் போவதால் அந்தச் சூட்டில் நிற்கும் நேரம்தான் கூடுகிறது.

எங்கள் பக்கத்து வெயில் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி தொடும். மோட்டார் அங்கிருந்துதான் சூடாகத் தொடங்குகிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும், ஃபெரைட் காந்தத்தின் பலம் 0.2 சதவீதம் இறங்கும். உள்ளே 60 டிகிரி கூடினால் தடை கால் பங்கு அளவுக்கு ஏறி, காந்தம் 12 சதவீதம் தளர்ந்திருக்கும். அதே இழுவைக்கு இன்னும் அதிக மின்னோட்டம், அதனால் இன்னும் சூடு. 250 வாட் ஜோடியை ஓட்டிய கோடையில் என் தம்பி ரிமோட்டை வைத்துவிட்டு வந்து, "அண்ணே, கை வைக்க முடியலண்ணே, கொதிக்குது" என்றான். நிறுத்தி நிறுத்தித்தான் வேலையை முடித்தோம். 350 வாட்டுக்கு மாறிய பிறகு அதே மாதத்தில், அதே வரப்பில், மத்தியானம் வரை விடாமல் ஓடுகிறது. தொட்டால் சுடும், ஆனால் கையை எடுக்க வைக்காது. என்னைக் கேட்டால் கணக்கில் வந்ததற்கு மேல் கால் பங்காவது கூட வைத்துக்கொள்ளுங்கள், கோடை ஓட்டத்துக்கு அது கட்டாயம்.

மோட்டார் சரியாக இருந்தும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பலகையில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. இந்த மோட்டாரின் உள்தடை அரை ஓம் கூட இருக்காது. சக்கரம் மட்டையில் மாட்டி நின்றுபோனால் 24 வோல்ட்டில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். "43 ஆம்பியர்" என்று விற்கும் சின்ன பிடிஎஸ்7960 பலகை, அதனோடு வரும் அலுமினியத் துண்டை நம்பி அதை நீண்ட நேரம் தாங்காது. அந்த எண் உச்சத்துக்கான எண். மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்தும், தொடர்ச்சியாக 30 ஆம்பியர் தாங்கும் டிரைவர், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ், சட்டென்று முழு வேகம் போகாமல் அரை நொடியில் ஏறும்படி நிரல், இவை மூன்றும் வேண்டும். ஸ்கூட்டர் கன்ட்ரோலரை அப்படியே போட முடியாது, பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கிடையாது.

சக்கர அமைப்பும் மோட்டார் தேர்வில் சேர்ந்ததுதான். நான்கு சக்கரத்தையும் நேராகப் பொருத்தி, டாங்கி மாதிரி திருப்புகிற வடிவத்தை நிறையப் பேர் விரும்புகிறார்கள். இழுவை நன்றாக இருக்கும். ஆனால் நின்ற இடத்தில் திரும்பும்போது நான்கு டயரும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். 120 கிலோவுக்கு, உராய்வு 0.6 என்று வைத்து, நீளமும் அகலமும் சமமாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு சுமார் 350 நியூட்டன் வேண்டும். பொலபொலப்பான மண்ணில் சரிவு ஏறவே ஒரு பக்கத்துக்கு 190தான். வெறும் சிமென்ட் தரையில் திரும்புவது வரப்பு ஏறுவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம்! சுழல் சக்கரம் முன்னால் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தச் சக்கரம் பெரிதாக இருக்கட்டும், சின்னது மண்ணில் புதைந்து நங்கூரம் போட்டுவிடும்.

ஸ்கூட்டர் மோட்டாரில் குறைகளும் உண்டு. பின்னோக்கி உருளும் என்பது முதல் குறை. டிரைவர் மோட்டார் முனைகளை ஷார்ட் செய்து பிரேக் பிடிக்கும்போது வேகம் அடங்குமே தவிர, சரிவில் பிடித்து நிறுத்தாது. வரப்பில் நிறுத்தினால் டயருக்குக் கட்டை வைக்கிறோம். கியர் பெட்டி சத்தம் போடும். வயர் வெளிவரும் பின்மூடி வழியாகத் தண்ணீரும் செம்மண் புழுதியும் போகும், ஐப்பசி மழைக்கு முன் அங்கே சிலிக்கான் பூசி, மேலே டியூப் ரப்பர் கவசம் கட்டிவிடுகிறேன். 9 பல் ஸ்பிராக்கெட் சீக்கிரம் கூராகத் தேய்கிறது, பல் குறைவு என்பதால் ஒவ்வொரு பல்லுக்கும் வேலை அதிகம். செயினும் அதுவும் சேர்ந்தேதான் மாற்ற வேண்டும். செயின் கழலாமல் இருக்க மோட்டார் பிடிமானத்தில் நீள்துளை வைத்து இறுக்கம் சரிசெய்யும் வசதி கட்டாயம்.

கார்பன் பிரஷ் தேயும். அதைப் பலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது பலமாகத்தான் தெரிகிறது. ஒரு மோட்டார் இழுவை விட்டுப்போனபோது, லாரிக்கு செல்ஃப் மோட்டார் வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துப்போனேன். கழற்றிப் பார்த்த அண்ணன், "கார்பன்தான் தேஞ்சிருச்சு தம்பி, கம்யூட்டேட்டர் நல்லா இருக்கு. தேச்சு விட்டு வேற கார்பன் போட்டுக்குவோம்" என்றார். அளவுக்கு ராவி, புது கார்பன் போட்டு, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட்டார். காயில் கருகினாலும் கட்டிக்கொடுக்க ஆள் உண்டு, போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இந்தப் பக்கம் ஏது? பிரஷ் இல்லாத மோட்டாரில் ஹால் சென்சாரோ கன்ட்ரோலரோ போனால் அந்த வசதி கிடைப்பது கஷ்டம். தோப்பு வேலைக்கு நான் இதை முதல் தகுதியாக வைக்கிறேன்.

எடை வேறாக இருப்பவர்களுக்கு: 40 கிலோவுக்குள் என்றால் வைப்பர் மோட்டாரோ பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பல்சக்கரங்கள் ஓடும் கியர்) மோட்டாரோ போதும். 60 முதல் 150 கிலோ வரை மேலே சொன்ன ஸ்கூட்டர் கியர் மோட்டார், சைக்கிள் செயினோடு. 200 கிலோவைத் தாண்டினால் 48 வோல்ட்டுக்குப் போங்கள், அதே சக்திக்கு மின்னோட்டம் பாதிதான், வயரும் டிரைவரும் பிழைக்கும். அந்த எடைக்கு மின்சார ரிக்‌ஷாவின் மோட்டாரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்த அச்சு வலுவானது. ஆனால் அதில் இரண்டு சக்கரத்தையும் ஒரே மோட்டார்தான் இழுக்கும், இடது வலது வேகத்தை மாற்றித் திருப்ப முடியாது. ஆகவே முன் சக்கரத்தைத் திருப்பத் தனியாக ஒரு மோட்டாருக்கும் அதற்கான இணைப்புத் தண்டுகளுக்கும் சட்டத்திலேயே இடம் விட்டு வைக்க வேண்டும்.