பென்னாகரம் ரோடு சுகர் கிளினிக்: டோக்கன் முடிஞ்சாதான் மருந்து கம்பெனி ரெப்புக்கு உள்ள எடம்

அப்பாவுக்கு சுகர் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. பாலக்கோட்டுல இருந்து சாப்புடாம பஸ் ஏறி தர்மபுரி வந்து ரத்தம் குடுத்துட்டு உக்காந்திருப்பாரு. முன்னாடி காட்டுன எடத்துல, பேர் வேணாம், நம்ம டோக்கன் வர்றதுக்குள்ள பேக் மாட்டுன ரெப்புங்க நாலு பேரு உள்ள போயிட்டு வந்துருவாங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்திரை மாறும், ஏன் சார்னு கேட்டா "இது புதுசு, நல்லா கேக்கும்"னு அதே பதில்தான்.

இந்த பென்னாகரம் ரோடு கிளினிக்குக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. இங்க டாக்டர் ரெப்புங்கள மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் பாக்குறாரு, செவுத்துலயே எழுதி ஒட்டிருக்கு. ஒருநாள் ரிப்போர்ட் லேட்டாகி நாங்க கதவுகிட்ட பெஞ்சுல இருந்தோம், உள்ள ஒரு தம்பி கலர் பேப்பர விரிச்சு ஏதோ புது காம்பினேஷன் மாத்திரைய பத்தி பேச ஆரம்பிச்சாரு. டாக்டர் கேட்டாரு பாருங்க, இத வழக்கமா குடுக்குற சுகர் மாத்திரை மெட்ஃபார்மினோட வச்சு பாத்தாங்களா இல்ல மருந்தே இல்லாத மாத்திரையோடயா, எத்தன பேருக்கு எத்தன மாசம் குடுத்தாங்க, கிட்னி வீக்கானவங்களுக்கு குடுக்கலாமா, அட்டை என்ன வெலன்னு. தம்பி பாதிக்கு முழிச்சாரு. "ஸ்டடி முழுசா கொண்டாங்க தம்பி, படிச்சிட்டு பேசலாம்"னு மரியாதையாதான் அனுப்புனாரு, நீட்டுன பேனா ஸ்டாண்டயும் வாங்கல. எனக்கு அப்பவே மனசுல ஒரு தெம்பு வந்துருச்சு.

2024 மார்ச்சுல மத்திய அரசு மருந்து கம்பெனிகளுக்கு போட்ட விதில, இந்தியாவுல கெடைக்க ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆன மருந்த "புதுசு"ன்னு சொல்லவே கூடாதுன்னு இருக்கு, டாக்டருக்கு இலவசமா குடுக்குற சாம்பிளும் ஒரு டாக்டருக்கு ஒரு மருந்துல வருஷத்துக்கு 12 பேக்தான். இதெல்லாம் இவரு கேள்வி கேட்டத பாத்தப்புறம் நானே தேடிப் படிச்சது.

எம்பாக்ளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை அப்பாவுக்கு நல்லது, ஆனா இப்ப வெல ஜாஸ்தி, கொஞ்சம் பொறுங்கன்னாரு. 2025 மார்ச்சுல பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் போடுற உரிமை, முடிஞ்சு நெறைய கம்பெனி போட ஆரம்பிச்சு வெல கொறஞ்சதும் அடுத்த தடவ அவரே ஞாபகம் வச்சு எழுதிக் குடுத்தாரு. யூரின் போற எடத்துல அரிப்பு, எரிச்சல் வந்தா ஒடனே வாங்க, சோறு தண்ணி எறங்காத அளவுக்கு வாந்தி பேதி ஆனா இத நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்கன்னு அப்பாவுக்கு புரியற மாதிரி ரெண்டு தடவ சொன்னாரு.

கொறைன்னா லேப் ரொம்ப ஸ்லோ, வண்டி நிறுத்த எடம் கெடையாது, திங்கக்கெழம கூட்டம் தாங்காது. போறவங்க பழைய மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு போங்க, ஒவ்வொண்ணா பாத்துதான் சீட்டு எழுதுவாரு.