மடக்குப் பல்லாங்குழி: பலகைக்குக் குறையில்லை, சோழிதான் சரியில்லை

என் ஆச்சி வைத்திருந்த பல்லாங்குழி, வீட்டைப் பங்கு பிரித்தபோது யார் கைக்குப் போனதென்று இன்றுவரை தெரியவில்லை. கோடை விடுமுறைக்கு வரும் பேத்திகளுக்காக, இணையக் கடையொன்றில் 1,150 ரூபாய் கொடுத்து மடக்குப் பல்லாங்குழி ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் விடாமல் ஆடிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பலகையைப் பற்றிப் பெரிய குறை சொல்ல முடியாது. ஏழு குழிகள் கொண்ட இரண்டு துண்டுகளை நீளவாக்கில் கீல் போட்டு இணைத்திருக்கிறார்கள். மடக்கிக் கொக்கியை மாட்டினால் காய்கள் உள்ளேயே அடங்கிவிடுகின்றன. விளிம்புகளை நன்றாக இழைத்திருப்பதால் சிறுபிள்ளைகளின் கையில் சிலாம்பு ஏறும் என்ற பயம் இல்லை. மேலே பூசிய வார்னிஷ் வாடை மட்டும் நான்கு நாள் வெயிலில் வைத்த பிறகே போயிற்று.

குறையெல்லாம் உள்ளே இருந்த சோழிகளில்தான். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 காய் வேண்டும்; எண்ணிப் பார்த்தால் 60 தான் இருந்தது. நடுக்குழி இரண்டையும் காசி என்று காலியாக விட்டு ஆடும் முறைக்கு அது போதும் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் உடன் வந்த விதித்தாளே எல்லாக் குழியிலும் ஐந்தைந்து போடத்தான் சொல்கிறது. கடைக்கு எழுதினேன். மறுப்புச் சொல்லாமல் பத்துச் சோழி அனுப்பினார்கள். அவையோ முன்னவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரியவை.

சோழியின் பருமன் இந்த ஆட்டத்தில் சிறிய விஷயம் அன்று. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வதும், அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்வதும்தான் ஆட்டம். ஆட்டம் நடுவுக்கு வரும்போது ஒரே குழியில் பதினைந்து காய்கூடச் சேர்ந்துவிடும். இந்தப் பலகையின் குழி ஆழம் குறைவு. ஒன்பதாவது சோழிக்கே மேடு கட்டிவிடுகிறது, பதினொன்றாவது பக்கத்துக் குழிக்கு உருள்கிறது. யாருடைய காய் என்று என் பேத்திகள் இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். எந்தக் குழியை அள்ளினால் கை எங்கே போய் முடியும் என்று தொட்டு எண்ணாமல் கண்ணாலேயே கணக்கிடுவதுதான் ஆச்சியின் சாமர்த்தியம்; குவிந்து கிடக்கும் சோழியில் அந்தக் கணக்குக்கே வழியில்லை.

எனவே சோழியை ஒதுக்கிவிட்டு, பங்குனியில் ஆண்டுப் புளி கொட்டை எடுத்தபோது கிடைத்த புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, 70 எண்ணிப் போட்டேன். அதே பலகை அன்றே வேறு பலகையாகிவிட்டது. கொட்டை தட்டையாகப் படிகிறது, இருபது போட்டாலும் வழிவதில்லை, மரத்தில் விழும்போது அந்தப் பழைய சத்தமும் வருகிறது. மஞ்சாடி கிடைப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் போட வேண்டாம். அதன் பருப்பு கடுமையான நஞ்சு. எந்தக் காயானாலும் வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைக்கு இந்த விளையாட்டே கூடாது.

விதித்தாளை அப்படியே மறந்துவிடலாம். அதில் பசுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு குழியில் நான்காவது காய் விழுந்ததும் அது பசுவாகி, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வதுதான் எதிராளியின் ஆட்டத்தின்போதும் நம்மைக் கண்கொட்டாமல் உட்கார வைப்பது. அதை விட்டுவிட்டால் மற்றவர் ஆடி முடிக்கும்வரை கொட்டாவி விடத்தான் வேண்டும். ஒரு குழி நிரப்பவும் காய் இல்லாமல் தோற்றவர், குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதை எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சுதல் என்போம். அதுவும் தாளில் இல்லை. கர்நாடகத்தில் அளிகுளி மனே என்றும், ஆந்திரத்தில் வாமன குண்டலு என்றும், மலேசியாவில் சொங்காக் என்றும் இதன் உறவுகள் ஆடப்படுவதாலோ என்னவோ, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை அச்சடித்துவிட்டார்கள் போலும்.

கொலுவில் வைக்கவோ வரவேற்பறை அலமாரியில் நிறுத்தவோ வாங்குபவர்களுக்கு இந்த விலை உறுத்தாது. ஆடுவதற்கென்று வாங்குபவர்கள், கடைக்காரரிடம் குழியின் ஆழத்தைக் கேட்டுக்கொண்டு, காய் இல்லாமல் பலகையை மட்டும் தருவாரானால் அப்படியே வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு வந்த 70 சோழியும் இப்போது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. சின்னப் பேத்தி ஊருக்குப் புறப்படும்போது பலகையைத்தான் கேட்டாள், புளியங்கொட்டையோடு.