கங்காருக்களின் புல்வெளியில் நான்கு இரவுகள்: ஒரு கடற்கரைக் கேரவன் பார்க் பற்றிய மதிப்புரை

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கரையில், உல்லடல்லாவுக்கும் பேட்மன்ஸ் பே நகருக்கும் இடையே, மர்ரமராங் தேசியப் பூங்காவின் காடு கடலோரம் வரை இறங்கி வருகிறது. அந்தக் காட்டை ஒட்டியும் அதன் இடைவெளிகளிலும், காரின் பின்னால் இழுத்து வரும் வீட்டு வண்டியை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்குகள் சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், மார்ச் மாத இறுதியில், நண்பர் இரவல் கொடுத்த கேரவனை இழுத்துச் சென்று குடும்பத்தோடு நான்கு இரவுகள் தங்கினோம். பார்க்கின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. எனக்கு ஒரு குறை உண்டு, அது ஒரு நிறுவனத்தின் மேல் மட்டும் சுமத்தத் தக்கதன்று. இக்கரையில் எந்தப் பார்க்கை முன்பதிவு செய்பவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

சிட்னியிலிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலை வழியாக பேட்மன்ஸ் பே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். காரில் மட்டும் சென்றால் நான்கு மணி நேரம் போதும். கேரவன் பின்னால் வரும்போது ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். கான்பெராவிலிருந்து தூரம் பாதிதான் என்றாலும், கிங்ஸ் நெடுஞ்சாலையில் கிளைட் மலையின் செங்குத்தான இறக்கமும் கொண்டை ஊசி வளைவுகளும் கேரவன் இழுத்துப் பழகாதவருக்குக் கடினமானவை. எந்த வழியில் வந்தாலும் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். கங்காருக்கள் மேயக் கிளம்புவது அந்தி வேளையில். நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைக்குப் பிரியும் காட்டுச் சாலையில் அவை முன்னறிவிப்பின்றிப் பாய்ந்து குறுக்கே வரும். நாங்கள் போன வழியில் சாலையோரம் இறந்து கிடந்த மூன்றைப் பார்த்தோம். அப்படி ஒன்றைக் கண்டால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்த முடியுமானால், வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பை அழைக்க வேண்டும் என்பதை இந்நாட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

எங்களுக்குக் கிடைத்தது மின்வசதியுள்ள இடம், ஓர் இரவுக்கு 64 டாலர். பள்ளி விடுமுறையிலும் ஈஸ்டரிலும் கட்டணம் இதைவிட வெகுவாக ஏறிவிடும். குழாய், கழுவுநீர் போக ஒரு வடிகால், மின்கம்பம், சமமான புல்தரை ஆகிய நான்கும் குறைவின்றி இருந்தன. முதன்முறையாகக் கேரவனில் தங்குபவர்களுக்கு ஒரு செய்தி: பார்க்குகளில் இருப்பது 15 ஆம்பியர் இணைப்பு, அதன் செருகியில் ஒரு முனை வீட்டு 10 ஆம்பியர் செருகியைவிட அகலமானது. வீட்டிலிருந்து எடுத்து வரும் சாதாரண நீட்டிப்புக் கம்பி கேரவனுக்குப் பொருந்தாது. அதற்குரிய கம்பியைத்தான் கொண்டுவர வேண்டும்.

எங்கள் இடத்தைச் சுற்றி நின்றவை ஸ்பாட்டட் கம் என்ற யூக்கலிப்டஸ் மரங்கள். அவற்றின் பட்டை துண்டு துண்டாக உதிர்ந்து, அடிமரம் முழுவதும் சாம்பலும் வெண்மையும் இளம்பச்சையுமாகப் புள்ளி போட்டிருக்கும். விரலை வைத்தால் சிறு பள்ளங்கள் தட்டுப்படும். பார்க்குக்குப் பின்புறக் காட்டில் சில மரங்களின் அடியில் இன்னும் கரி ஒட்டியிருந்தது. 2019 நவம்பரில் மின்னலால் மூண்டு 74 நாட்கள் எரிந்து, ஏறக்குறைய 5 லட்சம் ஹெக்டேரைப் பொசுக்கிய கர்ரோவான் காட்டுத் தீயின் வடு அது. அந்தக் கரிந்த பட்டைக்குள்ளிருந்தே இம்மரங்கள் துளிர்த்து எழுந்திருக்கின்றன என்பதை நினைத்தபடி அவற்றின் நிழலில் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி, நாங்கள் எதற்காகப் போனோமோ அதற்கு வருகிறேன். முதல் நாள் காலை ஆறேமுக்கால் மணிக்கு, கேரவனின் சுவருக்கு வெளியே யாரோ பாயைக் கிழிப்பது போன்ற ஓசை கேட்டு விழித்தேன். திரையை விலக்கினால், இரண்டு கைத்தூரத்தில் ஒரு பெண் கங்காரு புல்லைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. கிழக்குச் சாம்பல் கங்காரு என்ற இனம் இது. படங்களில் எப்போதும் துள்ளுவதையே காட்டுவார்கள். மேயும்போது அது துள்ளுவதில்லை. முன்கைகள் இரண்டையும் தரையில் ஊன்றி, வாலை அழுத்திப் பிடித்து, அந்த மூன்றின் பலத்தில் பின்கால்களை ஒருசேரத் தூக்கி முன்னே வைக்கிறது. வால் உண்மையில் ஐந்தாவது கால் என்பது அந்த ஒரு நகர்வில் புரிந்துவிடுகிறது. தலை குனிந்திருக்கும்போதும் காதுகள் ஓய்வதில்லை. ஒன்று கடல் பக்கமும் மற்றொன்று என் பக்கமுமாகத் தனித்தனியே திரும்பிக்கொண்டிருந்தன. நான் திரைச்சீலையின் கொக்கியை விட்ட சிறு ஓசைக்கே இரண்டு காதுகளும் ஒருசேர என்னை நோக்கின.

அதன் அருகே மேய்ந்துகொண்டிருந்த குட்டி, எங்கோ ஒரு கார்க் கதவு சாத்தப்பட்டதும், தாயின் பைக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. பைக்கு மிஞ்சிய வளர்ச்சி அதற்கு. நீண்ட பின்பாதங்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. இந்த இனத்தின் குட்டி 36 நாட்களில், ஒரு கிராம்கூட எடையில்லாமல் பிறந்து, தானே ஏறிப் பைக்குள் சேர்ந்து, ஏறக்குறைய 11 மாதங்கள் அங்கேயே வளர்கிறது. வெளியேறிய பிறகும் பல மாதங்கள் தலையை மட்டும் உள்ளே நுழைத்துப் பால் குடிக்கும். இத்தனையும் படித்து அறிந்ததுதான். ஆனால் என் ஒன்பது வயது மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்று அதைப் பார்த்த கால் மணி நேரத்துக்கு எந்தப் படிப்பும் ஈடாகாது. இதற்காக மட்டுமே இந்தப் பார்க்குக்குப் போகலாம் என்பேன்.

இரண்டாம் நாள் மாலை, குழந்தைகள் விளையாடும் திடலின் ஓரத்தில் மற்றொரு பெண் கங்காருவைக் கண்டோம். அதன் இடப்பக்கத் தாடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. புல்லை வாயில் எடுத்து, மெல்ல முடியாமல் பாதியைக் கீழே விட்டது. ஆஸ்திரேலியர்கள் லம்பி ஜா என்று சொல்லும் நோயின் தோற்றம் அது. ரொட்டியும் பிஸ்கட்டும் போன்ற மென்மையான உணவு பல்லிடுக்கில் தங்கி ஈறு புண்ணாகிறது; அந்தப் புண் வழியாகக் கிருமி தாடை எலும்புக்குள் நுழைகிறது. உணவுக்காக ஒரே இடத்தில் பல விலங்குகள் கூடி, எச்சம் விழுந்த தரையிலேயே தின்னும்போது அது இன்னும் எளிதாகப் பரவும். மெல்ல முடியாமல் போன கங்காரு சிறுகச் சிறுகப் பட்டினியால் சாகும். அதே திடலில், அதற்குச் சற்று முன்புதான், ஒரு குடும்பம் ரொட்டித் துண்டுகளை நீட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. அன்பு காட்டுவதாகவே நினைத்தார்கள். எடுத்துச் சொன்னதும் உடனே நிறுத்திவிட்டார்கள்.

என் குறை இதுதான். குளியலறைச் சுவரிலும் நுழைவாயிலிலும் விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள் என்ற பலகைகளை வைத்திருக்கும் அதே பார்க்கின் வரவேற்பு மேசையில், பறவைத் தீனி சிறு பைகளாக விற்பனைக்கு இருக்கிறது. கிளிகளுக்கு மட்டுமே என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் பையை வாங்கிய குழந்தை கங்காருவைக் கண்டால் கையை நீட்டாமல் இருக்குமா? மேலும், கிளிகள் ஒரே தட்டில் நெருக்கியடித்துத் தின்பதுதான் அவற்றின் அலகையும் இறகையும் அழிக்கும் நோய் பரவ முக்கியமான வழிகளுள் ஒன்று. காட்டுயிர் அருகில் இருப்பதையே விளம்பரமாகக் கொண்ட ஓர் இடம், இரண்டு டாலர் பைகளுக்காக அந்த உயிர்களின் உடல்நலத்தைப் பணயம் வைக்கக் கூடாது. இதைப் பணிவாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் முன்பதிவு செய்யும்போது, தீனி விற்கிறீர்களா என்று தொலைபேசியில் கேளுங்கள். பலர் கேட்டால் மேசையிலிருந்து அது தானாக மறையும்.

தீனி இல்லாமலே பறவைகளுக்குக் குறைவில்லை. சிவப்பு ரொசெல்லாவும் கிங் பாரட்டும் தலைக்கு மேலேயே பூக்களைத் தேடித் திரிந்தன. கூக்கபுராவிடம் மட்டும் எச்சரிக்கை தேவை: பார்பிக்யூ அடுப்பருகே ஒருவர் தட்டிலிருந்த சாசேஜை அது அடித்துக்கொண்டு போன வேகத்தில், அவர் கையில் முள்கரண்டி மட்டும் மிஞ்சியது. இரவில் போசம் என்ற மரவிலங்கு, கேரவனோடு சேர்த்துக் கட்டும் வெளிக்கூடாரத்தின் ஜிப்பைக்கூடத் தள்ளித் திறக்கும். பழங்களைக் கேரவனுக்குள் வைத்துப் பூட்டுங்கள். வயதுவந்த ஆண் கங்காரு நிமிர்ந்து நின்றால் என் உயரம் இருந்தது. 60 கிலோவுக்கு மேல் எடை வரும். அது மார்பை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், நேருக்கு நேர் நின்று வெறிக்காமல், உடலைச் சற்றுக் குறுக்கி மெதுவாகப் பின்வாங்குங்கள். குழந்தைகளைத் தனியாக அருகே விடாதீர்கள்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தக் கிழக்குக் கரையில் பக்கவாத உண்ணி உண்டு. நடைப்பாதையில் போய் வந்தபின் காதின் பின்புறம், பிடரி, தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். மூன்றாம் நாள் என் கழுத்தில் ஒன்று இருந்தது. அதை நசுக்கவோ பிடுங்கவோ கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் ஸ்ப்ரேயால் இருந்த இடத்திலேயே கொல்ல வேண்டும். பார்க் கடையில் அந்த ஸ்ப்ரே இருந்ததோடு, பணியாளர் ஒருவர் அதைப் பயன்படுத்தும் முறையையும் பொறுமையாகக் காட்டினார்.

குளியலறைகள் சுத்தமாக இருந்தன, வெந்நீர் தடையின்றி வந்தது. பொதுச் சமையற்கூடம் விசாலமானது. ஆனால் பார்பிக்யூத் தட்டுகளில் எல்லோரும் இறைச்சி வாட்டுவதால், சைவம் மட்டும் உண்பவர்கள் சொந்தக் கல்லும் சிறு எரிவாயு அடுப்பும் கொண்டுபோவது நல்லது. கைபேசித் தொடர்பு கடற்கரையில் ஓரளவு கிடைத்தது, மரங்களின் அடியில் இல்லை.

கடற்கரை, கேரவனிலிருந்து நூறு அடி நடை. அழகானது, ஆனால் உயிர்காப்பாளர் இல்லாதது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நடப்பட்ட கடற்கரையில் மட்டுமே, அந்தக் கொடிகளுக்கு இடையே மட்டுமே நீந்த வேண்டும் என்பது இந்நாட்டின் அடிப்படை விதி. இங்கே கொடிகளே இல்லை. அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தோன்றும் கருநீலப் பட்டைதான் ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டிச் சொல்லிவிட்டு, நாங்கள் முழங்கால் அளவோடு நின்றுகொண்டோம். மணல்மேட்டின் ஓரத்தில் கயிறு கட்டி மறித்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள். ஹூடட் பிளவர் என்ற அருகிவரும் சிறு பறவை வெறும் மணலில்தான் முட்டையிடும். அந்த முட்டை, பார்ப்பவர் கண்ணுக்கு மணலாகவே தெரியும்.

நாயோடு பயணம் செய்பவர்களுக்கு இப்பகுதி ஏற்றதன்று. தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. திமிங்கிலம் பார்க்க விரும்புபவர்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரலாம். குட்டிகளோடு தெற்கே திரும்பும் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கரைக்கு அருகில் வரும். அமைதியாகக் கங்காருக்களோடு இருக்க விரும்பினால், பள்ளி விடுமுறை இல்லாத மார்ச் அல்லது மே மாதத்தின் வார நாட்களே சிறந்தவை.

கடைசி நாள் காலை பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஒன்பதரைக்கு நாங்கள் கூடாரத்தை மடிக்கப் போனபோது, அந்தத் தாய் கங்காரு கேரவனின் நிழலில், இழுகம்பியை ஒட்டிப் படுத்திருந்தது. பையிலிருந்து குட்டியின் ஒரு காது மட்டும் தெரிந்தது. அலுவலகத்துக்கு நடந்துபோய் நிலைமையைச் சொன்னேன். "அது எழுந்திருக்கும்வரை இருங்கள், அடுத்து வருபவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார் அந்தப் பெண்மணி. பதினொன்றே கால் மணிக்கு அது எழுந்து, உடலை நீட்டி, மரங்களுக்குள் போனது. அதன்பின் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.