‘முழு டைட்டானியம்’ பிளேடு வாங்கி ஏமாந்த அனுபவம்

“முழுவதும் டைட்டானியத்தால் ஆனது, துருப்பிடிக்காது, ஒரே பிளேடில் ஐம்பது முறை சவரம் செய்யலாம்” என்ற விளம்பரத்தை நம்பி, நூறு பிளேடுகள் கொண்ட பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கி ஏமாந்தேன். இதே போன்ற வாசகங்களைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

முதல் சவரத்திலேயே பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தது. இரண்டாவது முறை தாடைக்குக் கீழே இரண்டு இடங்களில் கீறியது. மூன்றாம் நாள் ரேசரைக் கழற்றியபோது, பிளேடின் நடுத்துளையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு படர்ந்திருந்தது. காகிதத்தால் ஒற்றியதும் அந்தக் கறை காகிதத்தில் இறங்கியது. டைட்டானியத்தில் இப்படித் துரு வராது, அது இரும்புக்கு வரும் நோய். சந்தேகம் தீராமல் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுசென்றேன். பிளேடு துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

காந்தத்தில் ஒட்டும் பிளேடெல்லாம் மட்டமானது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். தரமான பிளேடுகளே ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியமும் 0.6 முதல் 0.7 சதவீதம் வரை கார்பனும் கலந்த, துருப்பிடிக்காத எஃகால்தான் செய்யப்படுகின்றன. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கப்படும் அந்த எஃகையும் காந்தம் இழுக்கும். என் பெட்டியில் இருந்தது டைட்டானியம் அல்ல என்பதை மட்டுமே காந்தம் காட்டிக்கொடுத்தது. உண்மையில் தூய டைட்டானியம், இப்படிக் கடினமாக்கிய எஃகைவிட மிகவும் மென்மையானது, 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் சவரத்துக்கு வேண்டிய கூர்மை அதில் நிலைக்காது. உறையில் பிளாட்டினம், டைட்டானியம் என்றெல்லாம் போட்டிருந்தால், எஃகு விளிம்பின் மேல் ஏற்றிய மிக மெல்லிய பூச்சு என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

ஐம்பது சவரம் என்ற கணக்கும் எனக்கு நம்பும்படியாக இல்லை. எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடியே பிளேடின் விளிம்பைச் சிறு சிறு சில்லுகளாகப் பெயர்த்துவிடுகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமல், முடியும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து மோதும்போது விளிம்பு பெயர்கிறது. என் அனுபவத்தில் நல்ல பிளேடு ஐந்து முதல் ஏழு சவரம் வரை தாங்கும். அதற்கு மேல் தாடியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

விற்பனையாளரிடம் புகார் செய்தபோது, நான் பிளேடை ஈரத்தோடு விட்டதுதான் காரணம் என்றார். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று, பிரிக்காத உறையிலிருந்து எடுத்த புதிய பிளேடு ஒன்றையும், நான் முன்பு வழக்கமாக வாங்கிய வேறு பிளேடு ஒன்றையும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, இரவு முழுவதும் அருகருகே வைத்தேன். காலையில் பழைய வகையில் ஒரு புள்ளிகூட இல்லை. புதியதன் இரு விளிம்புகளிலும் துரு பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. படத்தை அனுப்பியதும், டைட்டானியம் என்பது பூச்சை மட்டுமே குறிக்கும் என்று பதில் வந்தது. முழுவதும் டைட்டானியம் என்று விளம்பரத்தில் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது அந்தப் பொருளின் பெயர் என்றார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டார்.

மீதமிருந்த பிளேடுகளை, குப்பை எடுப்பவர்களின் கையைக் கிழித்துவிடக்கூடாதே என்று ஒரு தகர டப்பாவில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் அந்த வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது.