ஈ-கிளாஸா, டைப் ஆரா? இரண்டையும் சிங்கப்பூரில் ஓட்டியவனின் அனுபவம்

சாலை வரிக்கு இந்த இரண்டு கார்களும் ஒன்றுதான். மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் வரிசையின் ஈ200-க்கு எஞ்சின் 1,991 சிசி, ஹோண்டா சிவிக் டைப் ஆர் 1,996 சிசி. சிங்கப்பூரில் பெட்ரோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் வரி என்பதால், இரண்டுக்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருகிறது. ஐந்தாறு வெள்ளிதான் முன்னே பின்னே இருக்கும். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ-யிலும் இரண்டும் 'பி' பிரிவு. ஒன்று முதலாளிமார் பின்சீட்டிலிருந்து இறங்கும் கார், இன்னொன்று முதுகில் இறக்கை வைத்த சிவப்புக் கார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

முதலில் சில வருடம் எஃப்கே8 தலைமுறை டைப் ஆர் வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு டபிள்யூ213 தலைமுறை ஈ200 எடுத்தேன், இப்போது ஓட்டுவது அதுதான். இரண்டுமே பழைய காராக வாங்கியவை. "சொகுசுக் கார் எடுக்கலாமா, பெர்ஃபார்மன்ஸ் கார் எடுக்கலாமா அண்ணே?" என்று வேலையிடத்தில் தம்பிமார் கேட்கும்போது, வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். வீட்டில் எத்தனை பேர், யாரிடம் என்ன லைசென்ஸ், எந்த மாடியில் கார் நிறுத்துகிறாய் என்றுதான் திருப்பிக் கேட்பேன். இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே கார்தான். 2023 அக்டோபரில் 'பி' பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். கோயிலுக்கும் துணைப்பாட வகுப்புக்கும் மலாக்காவுக்கும் போவது அந்த ஒரே கார்தான்.

டைப் ஆரின் சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 400 நியூட்டன் மீட்டர் டார்க், 300-க்கு மேல் குதிரைத்திறன் என்பதெல்லாம் காகிதத்தில் இருப்பவை. எனக்குப் பிடித்தது அந்தக் கியர் லீவர். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும் தூரம் மிகக் குறைவு, டக்கென்று போய் உட்காரும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் மூக்கு உடனே திரும்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில், காலை ஆறு மணிக்கு லிம் சூ காங் பக்கம் போனாலே அது தெரிந்துவிடும். அதற்கு மேல் இங்கே போக வழியும் இல்லை. விரைவுச்சாலைகளில் உச்சம் 90, இந்தக் கார் இரண்டாவது கியரிலேயே 90-ஐத் தாண்டிவிடும். மிச்சம் நாலு கியர் பெட்ரோல் மிச்சப்படுத்தத்தான்.

வேகத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் இப்போது பெட்ரோல் காருக்கு வேலையே இல்லை. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 100-ஐ நாலு வினாடிக்குள் தொடும், சத்தமும் போடாது.

தொல்லை வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. என் மனைவியிடம் இருப்பது 3ஏ லைசென்ஸ், அதை வைத்து ஆட்டோ மட்டும்தான் ஓட்ட முடியும். டைப் ஆர் மேனுவல் கியர். அத்தனை வெள்ளி கொட்டி வாங்கிய காரை வீட்டில் ஒருவர்தான் தொட முடியும் என்றால், நான் வேலையில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிவர டாக்சிக்குத் தனிக் காசு. அப்புறம் எஃப்கே8-இல் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம், நடுவில் பெல்ட்டே கிடையாது. நாங்கள் நாலு பேர், அம்மாவோடு ஐந்து. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்தால், பக்கெட் சீட்டின் இரண்டு பக்க மேடுகளையும் தாண்டி இறங்குவதற்குள் முழங்கால் போய்விடும். "தரையில உட்கார வச்ச மாதிரி இருக்குப்பா, தூக்கிவிடு" என்பார். தேக்கா சந்தையில், பின்னால் டாக்சி ஹாரன் அடிக்க, காய்கறிப் பையோடு அவரைத் தூக்கி இறக்கிய ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னை ஈ-கிளாஸ் பக்கம் தள்ளின.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்கே8-க்குக் கம்பெனி கொடுக்கும் அளவு 245/30 ஆர்20. பக்கச்சுவர் ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான். சிங்கப்பூர்ச் சாலையில் பரவாயில்லை. எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் மழைக்கு அப்புறம் தண்ணீர் நிற்கும் குழியில் ஒருமுறை இறங்கியதில் ரிம் வளைந்தது. பலரைப் போல நானும் 18 அங்குல ரிம்முக்கு மாறினேன். தோற்றம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஓட்டம் அவ்வளவு தேறியது. இந்தக் காரை எடுப்பவர்கள் வாங்கும்போதே அதற்கும் சேர்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். கம்ஃபர்ட் மோடில் சஸ்பென்ஷன் எதிர்பார்த்ததைவிட மென்மை, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

இப்போது ஈ200. 100-ஐத் தொட ஏழரை வினாடிக்கு மேல் எடுக்கும் கார் இது. டைப் ஆரிலிருந்து இறங்கி ஏறியவனுக்கு முதல் மாதம் தூக்கம்தான் வந்தது. இதன் அருமை ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிகேஇ விரைவுச்சாலையில் வரிசையில் நின்று, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டி, கடற்பாலத்தில் மணிக்கணக்கில் நகரும்போது ஒன்பது கியர் ஆட்டோவும் அந்த அமைதியும் வேறு. டைப் ஆரில் கிளட்ச் மிதித்து மிதித்து இடதுகால் மரத்துப்போகும் அதே இடத்தில், இதில் பின்சீட்டில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு 330 கிலோமீட்டர் அளவில் வரும். 110-இல் கியரை மாற்றாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பயணத்தில் டைப் ஆரின் டயர் இரைச்சலைக் கேட்டுவிட்டுப் போய் இறங்கினால் சாப்பிடக்கூடத் தோன்றாது.

ஒன்று மட்டும் இரண்டு காருக்கும் பொது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போது டேங்கில் முக்கால் இருக்க வேண்டும், மலேசியா போனால் ரான் 97 பெட்ரோல்தான் போட வேண்டும், ரான் 95 வெளிநாட்டுக் காருக்குக் கிடையாது. நகரத்துக்குள் இரண்டுமே எனக்கு லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர்தான் கொடுத்தன.

ஈ200-இன் குறை நீளம். கார் 4.92 மீட்டர், நம் ஊர்க் கார் நிறுத்துமிடத்தின் வழக்கமான கட்டம் 4.8-க்கு 2.4. அதாவது எப்படி நிறுத்தினாலும் மூக்கோ வாலோ கோட்டுக்கு வெளியே. 1.85 மீட்டர் அகலக் காருக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் கொஞ்சம் அதிகம்தான் மிஞ்சும். பக்கத்தில் வேன் நின்றால் கதவைத் திறந்து வயிற்றை எக்கித்தான் இறங்க வேண்டும். ஆனால் வீவக (அரசு குடியிருப்பு) அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் வளைந்து ஏறும்போது அதிகம் திணறியது டைப் ஆர்தான்! நீளம் குறைந்தாலும் அதன் திருப்பு வட்டம் பெரியது, முன் பம்பரின் உதடும் தாழ்வு. ஐந்தாவது மாடிக்குள் எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

பராமரிப்பில் ஹோண்டா மலிவு என்பது பொதுவாகச் சரி, ஆனால் டைப் ஆரின் பிரேக் பேட், டயர் எல்லாம் சாதாரண சிவிக் விலையில் வராது. ஈ200-க்கு வெளிப்பட்டறையில்தான் விடுகிறேன். அங்கே ஒரு தடவை வாயில் நுழையாத பாகத்துக்கெல்லாம் பில் போட்டார்கள், பட்டறையை மாற்றிவிட்டேன். ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள எந்தக் காருக்கும் இந்த வெயிலில் பேட்டரி சீக்கிரம் களைத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் விசாரிக்கும்போது செப்பாங் போகும் எண்ணம் இருந்தால் பாலிசியைப் படித்துவிடுங்கள், பந்தயத் தடத்தில் நடப்பது பொதுவாக அதில் சேராது. ஐந்தரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம்தான் டைப் ஆரின் மிச்ச நாலு கியருக்கும் வேலை கொடுக்கும் இடம். வருடத்துக்கு ஓரிரு முறை அங்கே போகிறவர்களுக்கு நான் மேலே சொன்ன குறைகள் எதுவும் காதில் ஏறாது, ஏறவும் வேண்டாம்.

இன்னும் மேலே போய் பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் ஏஎம்ஜி என்று பார்ப்பவர்கள், காரைப் பதிவு செய்யும்போது கட்டும் கூடுதல் கட்டணமான ஏஆர்எஃப்-இன் படிகளைக் கவனியுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த முறைப்படி காரின் இறக்குமதி மதிப்பான ஓஎம்வி-யின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்தடுத்த 20,000-களுக்கு 140, 190, 250. 80,000-ஐத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு. தொழிற்சாலையிலேயே போட்டு வரும் கார்பன் கூரை மாதிரி அலங்காரத்துக்கும் அதே கணக்குதான். நம் வேகத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது எது என்று கேட்டால், நான் கண் வைத்திருப்பது பிஎம்டபிள்யூ எம்340ஐ. ஆட்டோ, ஐந்து சீட், நீளம் 4.71 மீட்டர், கட்டத்துக்குள் அடங்கும். ஆறு சிலிண்டர், 374 குதிரைத்திறன். மூன்று லிட்டர் என்பதால் சாலை வரி 2,380 வெள்ளி அளவுக்கு ஏறும், அது உறுத்துகிறதுதான். டைப் ஆரின் கியர் லீவர் சுகம் இதில் கிடைக்காது என்பதும் தெரியும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கும்போது பக்கத்து விரைவுச்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்துவிடுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்துக்கே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள், வழக்கமாக நிறுத்தும் மாடிவரை. வீட்டில் மூத்தவர் யாரையாவது கீழே வரச்சொல்லி உட்காரவைத்து இறக்குங்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள், டயர் இரைச்சலும் சேர்ந்து தெரிந்துவிடும்.