சிவாஜிநகர் மாதா கோயில்: வார நாளில் போய்ப் பாருங்கள்

பிரான்சில் 12ஆம் நூற்றாண்டில் உருவான கோதிக் கட்டடப் பாணியின் கூர்வளைவுகளைக் காண, பெங்களூருவில் இருப்பவர்களுக்கு சிவாஜிநகர் வரை ஒரு பேருந்துச் சீட்டுப் போதும். ரஸ்ஸல் மார்க்கெட்டின் இரைச்சலுக்கு அருகில் 160 அடி உயரக் கோபுரத்துடன் நிற்கும் தூய மரியன்னை பசிலிக்காவை இப்பகுதித் தமிழர்கள் மாதா கோயில் என்றே சொல்கிறார்கள்.

கட்டடம் இடைக்காலத்தது அன்று. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்களுக்காக 1818இல் பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா எழுப்பிய கூரை வேய்ந்த சிற்றாலயம் இருந்த இடத்தில், 1875இல் தொடங்கிய கட்டுமானம் 1882இல் நிறைவடைந்தது. 1974இல் இது பசிலிக்காவாக, அதாவது போப்பாண்டவரின் சிறப்புத் தகுதி பெற்ற ஆலயமாக, உயர்த்தப்பட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தையை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அழைத்துச் சென்றேன். உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது கழற்றி வைக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் பொருத்தப்பட்ட வண்ணக் கண்ணாடிகளின் வழியே இறங்கிய வெயில், முன் வரிசை பெஞ்சின் தேய்ந்த விளிம்பில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. அது மெல்ல நகர்ந்து அத்தையின் நரைத்த கொண்டையில் ஏறியதை அவர் அறியவில்லை. அவருடைய கண் முழுவதும் மாதாவின் மேல்தான் இருந்தது. "சேலை கட்டியிருக்கா பாரு, நம்ம வேளாங்கண்ணி மாதிரியே" என்றார். வளைவும் கோபுரமும் பிரெஞ்சுக்காரர்களுடையவை என்றாலும், பட்டுச் சேலையில் நிற்கும் அந்த ஆளுயரச் சிலையும், பின் பெஞ்சில் ஒரு மூதாட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்த 'அருள் நிறைந்த மரியே'யும் நம்முடையவை. கட்டடக் கலைக்காக மட்டும் வருபவர்கள் இந்தப் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் காவி உடுத்த பக்தர்களால் தெருவே நிறைந்துவிடும். தேர்பவனியைக் காண அதுவே நேரம், கண்ணாடிகளை நின்று பார்க்க அது நேரமல்ல.

நுழைவுக் கட்டணம் இல்லை. எனக்கு இருந்த குறை வெளி நடைபாதையில்தான்: ஒருவர் மெழுகுவர்த்தியும் மல்லிகையும் அடங்கிய பொட்டலத்தை அத்தையின் கையில் திணித்துவிட்டு, நாங்கள் நாலடி நடந்த பிறகு 100 ரூபாய் கேட்டார். விலை கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.